கணிதமா அறிவியலா என்ற சண்டை ஏன் முடிவதே இல்லை?

கேள்வி இதுதான். நண்பர்கள் மூவர் கூடும்போதெல்லாம் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வருகிறதாம். ஒருவர், ‘அறிவியல் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு மாற்றிச் சொல்லும், கணிதம் மட்டும்தான் மாறாத உண்மை’ என்கிறார். இன்னொருவர், ‘அந்த மாறாத உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறிவியலாவது நாலு கருவி செய்து கொடுக்கிறது’ என்கிறார். மூன்றாமவர், ‘எல்லாமே வெறும் தியரி’ என்று சொல்லி எழுந்துவிடுகிறார். யார் சொல்வது சரி?

சுருக்கமாகச் சொன்னால், முதலாமவர் பாதி சரி. இரண்டாமவரின் கேள்வி நியாயமானது, ஆனால் தப்பான இடத்தில் கேட்கிறார். மூன்றாமவர் ஒரு சொல்லில் வழுக்கி விழுந்திருக்கிறார். நீண்ட பதிலுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் பல வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே புரியும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடலாம். பேச்சில் ‘என் தியரி என்னன்னா…’ என்று தொடங்கினால் அது ஓர் ஊகம். பள்ளியில் ‘தியரி, பிராக்டிகல்’ என்று பிரித்தால் தியரி என்பது எழுதிப் படிப்பது. அறிவியலில் கோட்பாடு என்பது இந்த இரண்டுமே இல்லை. கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் கோட்பாடுதான். பல விதமாகச் சோதித்தும் உடையாமல் நின்று, சிதறிக் கிடந்த தகவல்களை ஒரே கயிற்றில் கோத்த விளக்கத்துக்கு அந்தப் பெயர். ஊகத்துக்குக் ‘கருதுகோள்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற நினைப்பு அவர் மனதில் இருக்கலாம். ஏட்டுச் சுரைக்காயிலேயே பெரிய சுரைக்காய் என்றால் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான். 1915இல் அவர் அதை முடித்தபோது அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இருக்கும் கடிகாரங்கள், ஈர்ப்பு குறைந்த உயரத்தில் சுற்றுவதால் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோ விநாடி வேகமாகவும், அவற்றின் ஓட்டத்தால் சுமார் 7 மைக்ரோ விநாடி மெதுவாகவும் ஓடுகின்றன. கழித்தால் 38 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் கைபேசி காட்டும் இடத்தை நம்பி எங்கும் போக முடியாது. ‘வெறும் தியரி’ என்று சொல்ல வருகிறவர், அந்தத் தியரியைக் கேட்டு வழி கண்டுபிடித்துத்தான் வந்திருப்பார்.

சரி, முதலாமவர். கணிதத்தில் ஏதோ ஒரு தனி உறுதி இருக்கிறது என்று அவர் உணர்வது உண்மை. அது எப்படிப்பட்ட உறுதி என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1919இல் ஜார்ஜ் போலியா என்ற கணிதர் சொன்ன ஓர் ஊகம். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கலாம். 12 என்பது 2×2×3. மூன்று காரணிகள், ஒற்றைப்படை. 10 என்பது 2×5. இரண்டு காரணிகள், இரட்டைப்படை. 1இலிருந்து ஏதாவது ஓர் எண் வரை எல்லா எண்களையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால், குறைந்தது பாதியாவது ஒற்றைப்படைப் பக்கம் இருக்கும் என்பது ஊகம். நூறு வரை பாருங்கள், சரியாக வரும். லட்சம் வரை சரி. கோடி வரை சரி. பத்துக் கோடியிலும் சரி. ஆனால் ஊகம் தவறு. 1958இல் ஹேசல்குரோவ் அது எங்கோ உடைகிறது என்று நிரூபித்தார். எங்கே என்று கையை நீட்டிக் காட்டாமலேயே நிரூபித்தார். முதன்முதலில் உடையும் இடம் 90,61,50,257 என்று 1980இல் தெரிந்தது.

தொண்ணூறு கோடி முறை தொடர்ந்து சரியாக வந்த ஒன்றை வேறு எந்தத் துறையிலும் விதி என்று எழுதிச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கணிதம் அதை ஏற்காது. அடுத்த எண் என்ன செய்யும் என்று காரணம் சொல்லாதவரை அது ஊகம்தான். ராமானுஜனுக்கே இந்த அடி விழுந்திருக்கிறது. 1913இல் இங்கிலாந்துக் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன சில முடிவுகள் தவறு. எண்களோடு அவரைப் போலப் பழகியவர் யாருமில்லை. அவருடைய உள்ளுணர்வே சறுக்கக்கூடிய இடம் அது. நிரூபணம் கேட்பது வீம்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ‘மாறாத உண்மை’ என்ற பேச்சில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, நிரூபணத்தை எழுதுவதும் சரிபார்ப்பதும் மனிதர்கள். எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும், அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறத்தில் வராது என்ற தேற்றத்துக்கு 1879இல் கெம்பே நிரூபணம் கொடுத்தார். பதினோரு வருடம் எல்லோரும் நம்பினார்கள். 1890இல் ஹீவுட் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். கடைசியில் 1976இல் ஆப்பலும் ஹாக்கனும் கணினியை வைத்து முடித்தார்கள். மனிதன் முழுவதும் படித்துப் பார்க்க முடியாத ஒன்று நிரூபணம்தானா என்று அதற்கும் ஒரு சண்டை. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு வைல்ஸ் 1993இல் அறிவித்த நிரூபணத்திலும் ஒரு பிழை இருந்தது. 1994இல் அதைச் சரிசெய்தார்.

இரண்டாவது ஓட்டை இன்னும் முக்கியமானது. கணிதம் சொல்வது ‘இது இப்படி’ என்று அல்ல. ‘அது அப்படி இருந்தால், இது இப்படி’ என்று. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று எல்லோருக்கும் தெரியும். உலக உருண்டையில் வடதுருவத்திலிருந்து நேராக நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்கள்; நிலநடுக்கோட்டிலேயே பூமியின் சுற்றளவில் கால்பங்கு நடங்கள்; பிறகு நேராக வடதுருவத்துக்கே திரும்புங்கள். மூன்று மூலையிலும் செங்கோணம், மொத்தம் 270 பாகை. யூக்ளிட் பொய் சொல்லவில்லை. தட்டையான தளத்தில் என்றுதான் அவர் சொன்னார். நாம் வாழும் வெளி தட்டையா வளைந்ததா என்று கேட்டால் கணிதம் உதட்டைப் பிதுக்கும். அதை அளந்துதான் பார்க்க வேண்டும். உலகத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்வதால்தான் கணிதத்துக்கு அந்த உறுதி கிடைக்கிறது. முதலாமவர் இந்த விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையில் இது அப்படியே இருக்கிறது. யுரேனஸ் கோள் கணக்குப்படி நகராமல் கொஞ்சம் தடம் மாறிக்கொண்டிருந்தது. வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்க வேண்டும் என்று நியூட்டனின் விதிகளை வைத்துக் கணக்குப் போட்டு, அது எங்கே இருக்கும் என்றும் எழுதி அனுப்பினார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. பேனா முனையில் கோள் கண்டுபிடித்தவர் என்று பெயர் வந்தது. பிறகு அவர் புதனை எடுத்துக்கொண்டார். அதன் பாதையிலும் விளக்க முடியாத ஒரு சிறு விலகல் இருந்தது. இன்றைய கணக்கில் நூற்றாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3600 விகலை என்றால் எவ்வளவு சின்ன விலகல் என்று பாருங்கள். அதே முறை, அதே விதிகள், அதே மனிதர்: சூரியனுக்கு அருகே ஏதோ ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. ஒரு மருத்துவர் அதைத் தன் தொலைநோக்கியில் பார்த்ததாகவே சொல்லிக் கௌரவமும் பெற்றார். அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையைக் கோள் எதுவும் இல்லாமலே கொடுத்தது.

முறை ஒன்றுதான். ஒரு முறை கோள் கிடைத்தது, இன்னொரு முறை கோட்பாடே மாற வேண்டியிருந்தது. இரண்டில் எது என்று காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் தெரியாது.

‘பார்த்தீர்களா, அறிவியல் மாறிவிட்டது’ என்று முதலாமவர் இங்கே குதிப்பார். மாறியதுதான். எவ்வளவு மாறியது என்று கேட்க வேண்டாமா? சந்திரனுக்கு ஆள் அனுப்பக் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் நியூட்டனை வைத்துத்தான் போட்டார்கள். பழைய கோட்பாடு எங்கெல்லாம் சரியாக வேலை செய்ததோ, அங்கெல்லாம் புதியதும் அதே விடையைத் தர வேண்டும். தராவிட்டால் அதை யாரும் உள்ளே விடமாட்டார்கள். கட்சி மாறுவது போன்ற மாற்றம் இல்லை இது.

இதன் பக்கத்திலேயே இன்னொரு வாதமும் வழக்கமாக வந்து உட்காரும்: ‘வெகெனரைக்கூட அன்றைக்குச் சிரித்தார்கள், இன்றைக்கு என் கருத்தைச் சிரிக்கிறார்கள்.’ கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912இல் சொன்னார், பலர் ஏற்கவில்லை, 1960களில் ஏற்றார்கள். எல்லாம் உண்மை. அவர் ஜெயித்தது சிரித்தார்கள் என்பதால் இல்லை. கடலடித் தரையின் பாறைகளில் காந்த வரிகள் தெரிந்ததால், தரை விரிந்துகொண்டே போகிறது என்று அளக்க முடிந்ததால். சிரிப்புக்கு ஆளானவர்களின் வரிசை ரொம்ப நீளம். அதில் வெகெனர்கள் சிலர்தான்.

தர்க்கவியலாளர் கோடெலையும் யாராவது இழுத்து வருவார்கள்: ‘கணிதமே முழுமையில்லை என்று 1931இலேயே நிரூபித்துவிட்டாரே!’ அவர் நிரூபித்தது, எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரண்பாடு இல்லாத, விதிகள் தெளிவாக வரையறுக்கப்பட்ட எந்த அமைப்பிலும் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்பதை. இரண்டும் இரண்டும் நான்கா என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

இனி இரண்டாமவர். ‘இதனால் என்ன பயன்?’

கணிதப் பக்கத்தில் இருப்பவர்கள் இதற்கு ஒரு பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், நானும் வைத்திருந்தேன். கூம்பை வெட்டினால் கிடைக்கும் வளைவுகளை அப்பொலோனியஸ் கிறிஸ்துவுக்கு முன் 200 வாக்கில் ஆராய்ந்தார். 1609இல் கெப்ளர் கோள்களின் பாதை அந்த வளைவுகளில் ஒன்றான நீள்வட்டம் என்றார். பூல் 1854இல் தர்க்கத்தை இயற்கணிதமாக எழுதினார். 1937இல் ஷானன் அதை மின்சுற்றுகளுக்குப் பொருத்தினார். 1917இல் ராடான் ஒரு தேற்றத்தை நிரூபித்தார். 1971இல் மனிதத் தலைக்குள் முதன்முதலாகப் பார்த்த சிடி ஸ்கேன் அடிப்படையில் அதே கணக்குதான். ஃபெர்மா 1640இல் ஒரு கடிதத்தில் எழுதிய சிறு தேற்றம், ஆய்லர் அதை விரித்தது, இவற்றின் மேல்தான் 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறையைக் கட்டினார்கள்.

எல்லாம் உண்மை. ஆனால் வாதமாக இதை இப்போது நான் வைப்பதில்லை. பரிசு விழுந்தவர்களை மட்டும் மேடையேற்றி லாட்டரி வாங்கச் சொல்வது போன்றது இது. எந்தப் பயனுக்கும் வராமல் பழைய ஆய்விதழ்களில் தூங்கும் தேற்றங்கள்தான் மிகப் பெரும்பான்மை, இனியும் வரமாட்டா. இரண்டாமவர் கொஞ்சம் யோசிப்பவராக இருந்தால் இதைச் சொல்லி உங்களை மடக்கிவிடுவார், மடக்கட்டும். இதே வகையில் ஃபாரடே கதை ஒன்றும் உலவுகிறது: மின்சாரத்தால் என்ன பயன் என்று கேட்ட அமைச்சரிடம், ‘ஒருநாள் இதற்கு வரி போடுவீர்கள்’ என்றாராம். அழகான கதை, அவர் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. அறிவியலுக்கு ஆதரவாகப் பேசும்போது ஆதாரமில்லாத கதையைச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் வைக்கும் வாதம் வேறு. பயன்படுவது எது, படாதது எது என்று முன்கூட்டியே பிரிக்கத் தெரிந்தவர் யார்? ஹார்டி 1940இல், எண் கோட்பாட்டுக்கும் சார்பியலுக்கும் போரில் எந்த உபயோகமும் யாரும் கண்டதில்லை, பல ஆண்டுகளுக்குக் காணப்போவதாகவும் தோன்றவில்லை என்று எழுதினார். பெருமையாகத்தான் எழுதினார். எண் கோட்பாட்டில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்களில் ஒருவர். இன்று ராணுவ ரகசியத்தைப் பூட்டும் இடத்தில் எண் கோட்பாடு இருக்கிறது, ஏவுகணை வழி தேடும் இடத்தில் சார்பியல் இருக்கிறது. ரதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டுபிடித்தவர். அணுவிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெட்டிப் பேச்சு என்று 1933 செப்டம்பரில் சொன்னார். அதைச் செய்தித்தாளில் படித்த சிலார்டு என்ற இயற்பியலாளருக்கு, ஓர் அணுவின் வினை அடுத்த அணுக்களைத் தூண்டிக்கொண்டே போகும் சங்கிலித் தொடர்வினை என்ற யோசனை தட்டியது அதே மாதத்தில்தான். துறையின் உச்சியில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. களையெது பயிரெது என்று தெரியாத வயலில் களையெடுக்கப் போவது எப்படி?

இன்னொன்று, பயனுள்ள தேற்றம் தனியாக முளைப்பதில்லை. ஃபெர்மாவின் அந்தச் சிறு தேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எண் விளையாட்டுகளையெல்லாம் நிறுத்தியிருந்தால், அதை எப்படிக் கையாள்வது என்று தெரிந்த ஆட்களே 1977இல் இருந்திருக்கமாட்டார்கள்.

ஆனாலும் இரண்டாமவரின் கேள்விக்கு ஓர் உரிய இடம் உண்டு. ‘இதற்கு மதிப்பு உண்டா’ என்பது ஒரு கேள்வி. ‘இதற்கு என் பணத்தைத் தர வேண்டுமா’ என்பது வேறொரு கேள்வி. சண்டையில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுகருவியைப் பார்த்து இரண்டாவது கேள்வியைக் கேட்பது முழுக்க நியாயம். அதற்கு ‘உலகளாவிய வலையே (www) 1989இல் அங்கேதான் பிறந்தது’ என்ற பதில் வந்தால் ஏற்காதீர்கள். அது துகள் இயற்பியலுக்கான வாதம் இல்லை. நிறைய புத்திசாலிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் தேடித் தவிக்கும்படி விட்டால் ஏதாவது நடக்கும் என்பதற்கான வாதம். பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு பகா எண்களை நோண்டும் ஒருவரிடம் போய் இதே கேள்வியை அதே குரலில் கேட்பது கொஞ்சம் அநியாயம்.

கணிதம் கண்டுபிடிக்கப்பட்டதா, மனிதன் உருவாக்கியதா என்பதை நான் தொடப்போவதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கணக்கின் விடையும் மாறாது.

கடைசியாக, இந்தச் சண்டைகளுக்கு நடுவே தீர்த்துவிடக்கூடிய சண்டைகளும் கலந்துகிடக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். 2019இல் உலகம் முழுக்க ஓடிய 8÷2(2+2) எவ்வளவு என்ற தகராறு கணிதத் தகராறே இல்லை. ‘பழைய வீட்டுக்காரர்’ என்று எழுதிவிட்டு, பழையது வீடா வீட்டுக்காரரா என்று அடித்துக்கொள்வது போன்றது. எழுதியவர் அடைப்புக்குறியை ஒழுங்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். 0.999… என்று முடிவில்லாமல் போவது 1க்குச் சமமா என்பது வரையறையில் தீர்வது. ‘கிட்டே போகும், ஆனால் தொடாது’ என்பவர்கள் அந்த எண்ணை ஓடிக்கொண்டிருக்கும் ஆளாக நினைக்கிறார்கள். அது ஓடவில்லை, ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்கும் எண். இரண்டு எண்கள் வேறு வேறு என்றால் நடுவில் இன்னொரு எண் இருக்க வேண்டும், 0.999…க்கும் 1க்கும் நடுவில் ஒன்றை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சண்டை மூன்று கதவுச் சண்டை. மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் பரிசு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பரிசு எங்கே என்று தெரிந்த நடத்துநர், மற்ற இரண்டில் பரிசு இல்லாத ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, ‘மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கிறார். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. 1990இல் மேரிலின் வாஸ் சாவன்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் பத்திரிகைப் பத்தியில் இப்படி எழுதியதும் சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் அவரைத் திட்டி. முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை மட்டுமே ஆயிரத்தை ஒட்டி. அவர் சொன்னதுதான் சரி. இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணிதர்களில் ஒருவரான பால் ஏர்டிஷ்கூட முதலில் ஏற்கவில்லை. நிரூபணம் காட்டியும் மனம் ஒப்பவில்லை. கணினியில் திரும்பத் திரும்ப ஆடவிட்டு, மாற்றியவர்களே அதிகம் ஜெயிப்பதைப் பார்த்த பிறகுதான் இறங்கிவந்தார். வாழ்நாள் முழுக்க நிரூபணங்களில் மூழ்கியிருந்த மனிதரைக் கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது ஒரு சோதனை. உங்கள் முதலாமவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று.

அடுத்த முறை மூவரும் கூடும்போது மூன்று கோப்பைகளும் ஒரு நாணயமும் எடுத்து வையுங்கள். இரண்டாமவர் நாணயத்தை ஒளித்துவைக்கட்டும், ஒரு வெற்றுக் கோப்பையைத் திறந்து காட்டட்டும். முதலாமவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதட்டும். தேர்ந்தெடுக்கும் வேலையை மூன்றாமவரிடம் விடுங்கள். முப்பது ஆட்டம் போதும். எல்லாம் வெறும் தியரி என்று கடைசிவரை மாற்றாமலே இருந்தாரானால், அவருக்குப் பத்து ஆட்டத்தை ஒட்டித்தான் கிடைக்கும்.